ஷெட் வாசல்: வீட்டிலேயே லாக்கர் மாட்டலாமா?

(இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பின் ஆக்ஸிலைப் பற்றியவை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் மலைக்காரர்களுக்கு வேறென்ன நினைப்பு வரும்! பிரேக், ஏ.சி. கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

எங்கள் காப்பித் தோட்டத்தில் பழைய மஹிந்திரா எம்.எம். 540 ஓடுகிறது. மழையில் ஃபோர் வீல் போட்டும் களத்துக்குக் கீழே உள்ள ஏற்றத்தில் ஒரு முன் சக்கரமும் ஒரு பின் சக்கரமும் சும்மா சுற்றுகின்றன, வண்டி அப்படியே நிற்கிறது. பின் ஹவுசிங் மூடியில் 10 போல்ட் இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் 'லஞ்ச் பாக்ஸ் லாக்கர்' என்று ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறார். அதை வீட்டிலேயே மாட்ட முடியுமா?
*வாசகர், தாண்டிக்குடி*

முடியும். லாக்கர் என்பது ஒரே ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுகிற சாமான். ஆனால் மைத்துனர் அங்கே பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் இங்கே இரண்டு வேலை செய்தாக வேண்டும்.

முதல் வேலை, டயரைப் பாருங்கள். பட்டன் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தால் லாக்கர் பணத்தை டயரில் போடுங்கள். எங்கள் போடி ஷெட்டுக்கு லாக்கர் கேட்டு வருகிற ஜீப்களில் பாதி, நல்ல மண் டயர் நான்கு போட்டுக் காற்றைக் கொஞ்சம் இறக்கினாலே ஏறிவிடும். டயர் நன்றாக இருந்தும் நிற்கிறது என்றால்தான் மேற்கொண்டு பேச்சு.

ஏன் நிற்கிறது? உங்கள் வண்டியில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல், அதாவது திருப்பத்தில் இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடுகிற பல் சக்கரத் தொகுதி. அது இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு இழுவையைத்தான் கொடுக்கும். சேற்றில் நிற்கிற சக்கரம் அஞ்சு பைசா இழுவைதான் தாங்கும் என்றால், கல்லில் நிற்கிற சக்கரத்துக்கும் அதே அஞ்சு பைசாதான் போகும். ஃபோர் வீல் போடுவது முன் ஆக்ஸிலையும் பின் ஆக்ஸிலையும்தான் இணைக்கும். ஒரே ஆக்ஸிலின் இரண்டு பக்கத்தையும் அது இணைக்காது. பின்னால் ஒரு லாக்கர் மாட்டினால் குறைந்தது மூன்று சக்கரம் உங்களுக்காக வேலை செய்யும். தோட்டத்து ஏற்றத்துக்கு அது தாராளம். முன்னாலும் மாட்டலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். ஸ்டியரிங் இரும்பாகிவிடும்.

இரண்டாவது வேலை, ஸ்ப்ளைன் எண்ணுவது, அதாவது ஆக்ஸில் ஷாஃப்டின் நுனியில் உள்ள பற்களை எண்ணுவது. மூடியில் 10 போல்ட் என்றால் அநேகமாக அது டானா 44 ஜாதி (டானா கம்பெனி ஆக்ஸிலில் ஒரு மாடல்). அந்த ஒரே ஜாதிக்குள் வில்லிஸ் ஜீப் காலத்து ஷாஃப்டில் 10 ஸ்ப்ளைன், அதற்குப் பின் 19, இன்னும் பிந்தியதில் 30 என்று உண்டு. ஒரு பக்க ஷாஃப்டை உருவி, டீசலில் கழுவி, ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்து அங்கிருந்து எண்ணுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணுங்கள். டேப்பர் முனையும் தனி ஹப்பும் உள்ள பழைய ஷாஃப்ட் என்றால் நடுவில் ஒரு த்ரஸ்ட் பிளாக் (ஷாஃப்ட் நுனிகளைத் தாங்குகிற கட்டை) இருக்கும். அதையும் படம் எடுத்து மைத்துனருக்கு அனுப்புங்கள். 10 ஸ்ப்ளைன் ஷாஃப்ட் என்றால் நான் லாக்கர் போடச் சொல்ல மாட்டேன். ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டால் மொத்த இழுவையும் மற்றப் பக்கத்து ஷாஃப்டில்தான் இறங்கும். மெலிந்த பழைய ஷாஃப்ட் அங்கேயே முறுக்கிக்கொண்டு போய்விடும்.

இனி மாட்டுகிற கதை. லஞ்ச் பாக்ஸ் வகையின் சௌகரியமே, க்ரௌன் வீலும் டெயில் பினியனும் (என்ஜின் சுற்றை ஆக்ஸிலுக்குத் திருப்புகிற பெரிய பல் சக்கரமும் சின்னதும்) தங்களுக்குள் பேசிவைத்த கணக்கில் நாம் கை வைப்பதில்லை என்பதுதான். கேரியர், அதாவது டிஃபரன்ஷியல் பற்களைச் சுமக்கிற கூடு, உங்களுடையதே. அதற்குள் இருக்கும் இரண்டு ஸ்டார் பினியனையும் இரண்டு சன் கியரையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதுச் செட்டை உட்காரவைக்கிறோம். பெட்டியைத் திறந்தால் ஷாஃப்டில் ஏறுகிற பல் வளையம் இரண்டு, அவற்றோடு பல்லுக்குப் பல் கடிக்கிற ட்ரைவர் இரண்டு, ஸ்பேசர் வளையங்கள், சின்னச் சின்னப் பின்கள், பேனா ஸ்ப்ரிங் மாதிரி ஸ்ப்ரிங்குகள். அவ்வளவுதான்.

ஆயிலை வடியுங்கள். மூடியைக் கழற்றுங்கள். வடிந்த ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி சாம்பல் பொடி இருந்தால் பரவாயில்லை. அரிசி நொய் அளவு துண்டு இருந்தால் பல் போயிருக்கிறது, முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். மேற்கொண்டு எதையும் கழற்றுவதற்கு முன்னால் டயல் கேஜை ஹவுசிங்கில் நிறுத்தி, க்ரௌன் வீலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, பேக்லாஷ் (பல்லுக்குப் பல் உள்ள ஆட்டம்) எத்தனை தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று சுவரில் எழுதிவையுங்கள். டயல் கேஜ் இல்லாவிட்டால் பக்கத்து லேத் பட்டறையில் கடன் கேளுங்கள். இந்த வேலைக்கு இரவல் வாங்குவதில் வெட்கம் வேண்டாம்.

இரண்டு ஷாஃப்டையும் உருவிய பிறகு பேரிங் கேப்கள். இடது கேப் இடதில்தான், வலது கேப் வலதில்தான், அதுவும் தலைகீழாகாமல். கேப்பிலும் ஹவுசிங்கிலும் எழுத்து குத்தியிருக்கும். ஒரு பக்கம் எழுத்து நின்றுகொண்டும் மறுபக்கம் படுத்துக்கொண்டும் இருக்கும், அதைப் பார்த்து அப்படியே திரும்ப வையுங்கள். எழுத்து தெரியாவிட்டால் நீங்களே பஞ்சால் இடதில் ஒரு புள்ளி, வலதில் இரண்டு புள்ளி அடித்துக்கொள்ளுங்கள். கேரியர் இறுக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டு மரக் கைப்பிடியை நெம்புகோலாக வைத்து, இரண்டு பக்கமும் சமமாக, ஒருவர் கீழே கை ஏந்த ஒருவர் நெம்புங்கள். அது வெளியே வரும்போது சடக்கென்று வரும், கனமும் அதிகம். காலில் விழுந்தால் விரல் போகும். பேரிங் ரேஸ், ஷிம் (இடைவெளிக்குப் போடும் மெல்லிய தகடு) எது எந்தப் பக்கம் இருந்ததோ அது அந்தப் பக்கத்துத் தட்டில்.

டானா கேரியரில் ஸ்டார் பினியன் ஷாஃப்டைப் பிடித்திருப்பது ஒரு ரோல் பின். அதைத் தட்டி எடுக்க இடம் கிடைக்காவிட்டால் க்ரௌன் வீல் போல்ட்டைக் கழற்றி, வீலைச் சுற்றிப் பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தட்டி இறக்க வேண்டியிருக்கும். இரும்பால் அடிக்காதீர்கள். (சில வண்டிகளில் ரோல் பின்னுக்குப் பதில் சின்ன போல்ட் இருக்கும். அவர்கள் கொடுத்துவைத்தவர்கள், கேரியரை ஹவுசிங்கிலேயே விட்டு முழு வேலையையும் முடிக்கலாம்.) பழைய ஸ்டார் பினியன், வாஷர் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, ஒரு டப்பாவில் போட்டுப் பரணில் வையுங்கள். லாக்கர் பிடிக்கவில்லை என்றால் அவைதான் திரும்பி வரும் வழி.

புதுச் செட்டில் பல் வளையத்தின் பின்னால் த்ரஸ்ட் வாஷர். தாராளமாக கிரீஸ் தடவி, கேரியரின் இரண்டு பக்கமும் ஒட்டவையுங்கள். பின்களையும் கிரீஸில் முக்கித்தான் ட்ரைவரில் சொருக வேண்டும், இல்லாவிட்டால் உருண்டு ஓடிவிடும். இரண்டு ட்ரைவரையும் கேரியர் ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, பல்லோடு பல் சேர்த்து, ஸ்ப்ரிங்கை ஒவ்வொன்றாக ட்ரைவரின் காடிக்குள் அழுத்த வேண்டும். முதல் மூன்று சொன்னபடி கேட்கும். நான்காவது கேட்காது. ஜன்னலுக்குள் இரண்டு விரல்தான் போகும். அந்த விரலுக்கும் இடம் விடாமல் ஸ்க்ரூ டிரைவர் நிற்கும். ஸ்ப்ரிங்கின் ஒரு நுனியைப் பின்னில் ஏற்றி, சின்னச் சப்பை ஸ்க்ரூ டிரைவரால் நடுவில் அமுக்கி, மறு நுனி பட்டென்று உட்காரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இதைச் செய்யக் கூடாது, தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும். வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் கூப்பிடுங்கள். அந்த விரல்கள் இந்த வேலைக்கென்றே செய்தவை.

ஸ்டார் பினியன் ஷாஃப்டைத் திரும்ப நடுவில் சொருகிய பிறகு வருவதுதான் முக்கியமான கட்டம். இரண்டு ட்ரைவரையும் ஸ்க்ரூ டிரைவரால் எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்கி, நடுவில் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பெரும்பாலான செட்களில் 145 முதல் 170 தௌ வரை இருக்கச் சொல்வார்கள். உங்கள் பெட்டியில் வந்த தாளில் என்ன எண் இருக்கிறதோ அதுவே வேதம். ஃபீலர் கேஜ் இலைகளை அடுக்கி அளப்பதுதான் முறை. கேஜ் கைக்கு வருவதற்கு முன் ஒரு தோராயம் தெரிய வேண்டுமானால் ட்ரில் பிட்டின் வழவழப்பான தண்டை விட்டுப் பாருங்கள். 3.5 மில்லி போக வேண்டும், 4 மில்லி போனால் நல்லது, 4.5 மில்லி போகக் கூடாது. இடைவெளி கூடுதலாக இருந்தால் பல் முழுசாகக் கடிக்காமல் பாரத்தில் வழுக்கித் தேயும். குறைவாக இருந்தால் திருப்பத்தில் விலகிக்கொடுக்க இடமில்லாமல் எப்போதும் பூட்டியே நிற்கும். எண் சரியில்லை என்றால் அநேகமாகக் காரணம் தேய்ந்த த்ரஸ்ட் வாஷரோ, கேரியரின் உள்முகத் தேய்மானமோதான். வாஷரை மாற்றி மறுபடி அளங்கள். 'ஓட ஓட சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால் அவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பிறகு எல்லாம் கழற்றியதற்குத் தலைகீழ். க்ரௌன் வீல் போல்ட்டில் பழைய பசையைச் சுரண்டி, லாக்டைட் விட்டு, எதிரெதிராக டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கேப் போல்ட்டுக்கும் டார்க் ரெஞ்ச்தான், அளவு வண்டி மேனுவலில் இருக்கிறது. மறுபடி டயல் கேஜ் வையுங்கள். சுவரில் எழுதிய எண்ணே வந்தால் கைகுலுக்கிக்கொள்ளலாம். மாறியிருந்தால் ரேஸோ ஷிம்மோ பக்கம் மாறியிருக்கிறது, திறந்து பாருங்கள். மூடிக்கு அனபாண்ட் பசை ஒரு கோடு, சாதாரண ஜி.எல். 5 கியர் ஆயில் போதும். எல்.எஸ்.டி.க்கென்று (லிமிடட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) விற்கிற மருந்து இதற்கு வேண்டாம்.

வண்டியை இறக்குவதற்கு முன் கடைசிச் சோதனை. இரண்டு பின் சக்கரமும் தூக்கியிருக்க, என்ஜின் அணைந்திருக்க, கியரில் போடுங்கள். ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்து இருவரும் முன்பக்கமாகத் திருப்பினால் கொஞ்சம் சுற்றி முட்டி நிற்கும். ஒருவர் தன் சக்கரத்தை அப்படியே அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் தன்னுடையதைப் பின்பக்கமாகத் திருப்பினால் 'கட கட' என்று சத்தத்தோடு சுற்ற வேண்டும். பக்கம் மாற்றி, திசை மாற்றி நான்கு விதமாகவும் பாருங்கள். ஒன்றில் சுற்றாவிட்டாலும் திறக்கத்தான் வேண்டும்.

என் வீட்டுக்காரரும் அவருடைய சிநேகிதரும் ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் பிக்கப்பைத் தூக்கி வைத்து 'டிஃப் லாக்' மாட்டப்போகிறார்கள். எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பயமாக இருக்கிறது. நான் எதைக் கவனிக்க வேண்டும்?
*வாசகி, கோத்தகிரி*

உங்கள் பயம் நியாயமானது அம்மா. இந்த வேலையில் வண்டி கெட்டுப்போவதை விட ஆள் அடிபடுவதுதான் சுலபம். நீங்கள் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முற்றம் சரிவாக இருந்தால் அங்கே வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோத்தகிரியில் சமதளம் கிடைப்பது கஷ்டம், தெரியும். இருந்தாலும் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின் சக்கரத்தைத் தூக்கியாயிற்று என்றால் அந்த பிரேக் இருந்தும் இல்லாத கணக்கு. ஆகவே இரண்டு முன் சக்கரங்களுக்கும் முன்னாலும் பின்னாலும் மரக்கட்டை அடை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வண்டி நிற்க வேண்டியது இரும்பு ஸ்டாண்டு மேல். ஜாக்கி மேல் நிற்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் நிறுத்தினால் கூச்சம் பார்க்காமல் சத்தம் போடுங்கள். ஹாலோ பிளாக் விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் பொடியாகும். ஸ்டாண்டில் வைத்த பிறகு, யாரும் கீழே போவதற்கு முன், வண்டியைக் கையால் பலமாக உலுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது மெக்கானிக்குகளே மறக்கிற விஷயம். முன்பெல்லாம் ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு என்ஜினை ஓட்டிக் கியர் போட்டால் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நகராது. லாக்கர் மாட்டிய பிறகு அப்படியில்லை. தரையில் இருக்கிற சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டி ஜாக்கியைத் தள்ளிவிட்டுக் கிளம்பிவிடும். இதை ஒரு சீட்டில் எழுதி டாஷ் போர்டில் ஒட்டுங்கள். பஞ்சர் ஒட்டுகிற கடையிலும் சொல்ல வேண்டும்.

கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ட்ரிப் அடிக்கிறேன். லாக்கர் வாங்க வசதியில்லை. ஸ்டார் பினியனை வெல்டிங் வைத்துவிட்டால் அதே வேலை செய்யும் என்கிறார்களே?
*ஜீப் டிரைவர், போடிநாயக்கனூர்*

செய்யாதே தம்பி. வெல்டிங் வைத்தால் இரண்டு பின் சக்கரமும் தார் ரோட்டிலும் ஒன்றாகத்தான் சுற்றும், விலகிக்கொடுக்கவே கொடுக்காது. மெட்டு ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு டயர் தேய்ந்து இழுபடும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். மழையில் அந்த நேரே என்பது பள்ளத்தைப் பார்த்து இருக்கும். அது போகட்டும், கியரின் இரும்பு கடினப்படுத்தியது. வெல்டிங் சூட்டில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஒரு சில்லு உடைந்து க்ரௌன் பல்லுக்கு இடையில் மாட்டினால் வளைவின் நடுவில் பின் ஆக்ஸில் நின்றுவிடும். சேற்றுப் பந்தயத்துக்கென்றே லாரியில் ஏற்றிப்போகிற ஜீப்பில் அதைச் செய்வார்கள். பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற வண்டியில் செய்யக் கூடாது. உனக்கு நான் சொல்வது நல்ல செயின். இரண்டு பின் டயருக்கும் செயின் சுற்றி மண் ரோட்டை ஏறு, தார் வந்ததும் கழற்று. செலவும் கம்மி.

2020க்குப் பின் வந்த மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறேன். மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் இருக்கிறது. சேற்றில் ஒரு சக்கரம் கொஞ்ச நேரம் சும்மா சுற்றிவிட்டு, பிறகு 'டொம்' என்று ஒரு சத்தம் கேட்டு வண்டி துள்ளி ஏறுகிறது. ஏதாவது பழுதா?
*வாசகர், கோயம்புத்தூர்*

பழுதில்லை. அதன் சுபாவமே அதுதான். உள்ளே இருப்பது ஈட்டன் கம்பெனி வகை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் 1973 முதலே இந்த அமைப்பு ஓடுகிறது. இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் நடுவே நிமிஷத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால் உள்ளே இருக்கிற குட்டிப் பளுக்கள் வெளியே விரியும். அதில் ஒன்று கொக்கியில் மாட்டும். உடனே பக்கக் கியர் சரிவில் ஏறி, கிளட்ச் தட்டுகளை நெருக்கி, கேரியரோடு சேர்த்துப் பூட்டிவிடும். அந்தப் பூட்டுகிற கணம்தான் உங்கள் 'டொம்'. மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்போது பூட்டாது, அதனால் நெடுஞ்சாலையில் பயமில்லை.

உங்கள் கால்தான் திருந்த வேண்டும். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பலர் பயந்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுவார்கள். வித்தியாசம் 100க்கு வராமலே போய்விடும், லாக் விழாது. வேறு சிலர் அடியோடு மிதிப்பார்கள். லாக் விழும்போது மொத்த வேகமும் ஷாஃப்டில் அடிக்கும், துள்ளலும் அதனால்தான். சீராக, கொஞ்சமாக மிதித்துக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று சுற்றில் அதுவே பிடித்துக்கொள்ளும். இந்த வண்டிக்கு லஞ்ச் பாக்ஸ் லாக்கரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

தேயிலைத் தோட்ட பிக்கப்புக்கு ஏர் லாக்கர் வாங்கிவிட்டேன். ஸ்விட்ச் தட்டினால் பூட்டும், தட்டினால் விடும். யூடியூபில் பார்த்து நானே மாட்டலாமா?
*வாசகர், வால்பாறை*

பொருளைப் பொறுத்தவரை நீங்கள் வாங்கியதுதான் உயர்ந்தது. தார் ரோட்டில் சாதாரண டிஃபரன்ஷியலாக இருக்கும், வேண்டும்போது மட்டும் முழுப் பூட்டு. ஆனால் மாட்டுவது வேறு ஆட்டம். இதில் கேரியரே மாறுகிறது. கேரியர் மாறினால் பேரிங் ப்ரெஸ்ஸில் ஏற வேண்டும், ஷிம் கணக்கு புதிதாகப் போட வேண்டும், பேக்லாஷ், ப்ரீலோட் (பேரிங் இறுக்கம்) இரண்டையும் நிறுத்த வேண்டும். பிறகு பல்லில் மை தடவிச் சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, நுனியில் விழுகிறதா என்று படிக்க வேண்டும். அந்தத் தடத்தைப் படிக்க யூடியூப் சொல்லித்தராது. தப்பாக நிறுத்தினால் முதலில் 'ஊ' என்று ஊளையிடும், பிறகு க்ரௌன் செட்டே போகும்.

ஆகவே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் மாட்டுவது, ரிலே, ஒயரிங், ஸ்விட்ச், ஏர் ட்யூபை சைலன்ஸரில் படாமல் சேஸிஸ் ஓரமாகக் கட்டி இழுப்பது, இவற்றை நீங்கள் செய்யுங்கள். அதுதான் பொறுமையாகச் செய்ய வேண்டியது, கூலிக்காரர்கள் அவசரத்தில் சொதப்புவதும் அதில்தான். ட்யூபை ஆக்ஸில் ஏறி இறங்குவதற்குத் தாராளமாக விடுங்கள். ஹவுசிங்கில் ஓட்டை போட்டு மரை எடுப்பதும் கேரியரை நிறுத்துவதும் க்ரௌன் வேலை தெரிந்த கைக்கு. கோயம்புத்தூரிலும் பொள்ளாச்சியிலும் அப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. அவர் டயல் கேஜை எடுக்காமல் கை ஆட்டத்திலேயே 'சரியாயிருக்கு சார்' என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

10 சக்கர டிப்பர் ஓட்டுகிறேன். டாஷில் டிஃப் லாக் ஸ்விட்ச் இரண்டு இருக்கிறது. குவாரியில் எப்போதும் இரண்டையும் போட்டே வைத்திருப்பேன். ஓனர் திட்டுகிறார். யார் பக்கம் நியாயம்?
*டிரைவர், கரூர்*

ஓனர் பக்கம்தான். ஒரு ஸ்விட்ச் இரண்டு பின் ஆக்ஸிலையும் ஒன்றோடொன்று பூட்டுவது. மற்றது ஒரே ஆக்ஸிலின் இடதையும் வலதையும் பூட்டுவது. முதலாவதை மண்ணிலும் ஜல்லியிலும் போட்டுக்கொண்டு ஓட்டலாம், தாரில் ஏறியதும் எடுக்க வேண்டும். இரண்டாவதைப் போட்டால் வண்டி திரும்ப மறுக்கும். நேராக ஏறி வெளியே வருகிற அந்தச் சில அடிக்கு மட்டும்தான் அது.

போடுகிற நேரமும் முக்கியம். சேற்றுக்குள் இறங்குவதற்கு முன்பே, நிறுத்தியோ ஊர்ந்தோ, கிளட்சை மிதித்துப் போடுங்கள். மாட்டிக்கொண்டு ஒரு சக்கரம் விர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்ச் தட்டினால் உள்ளே பல் பல்லில் அடித்து முனை மழுங்கும். விளக்கு எரிந்த பிறகுதான் நகர வேண்டும். எடுத்த பிறகும் விளக்கு அணையாவிட்டால் ஸ்டியரிங்கை லேசாக இடம் வலம் ஆட்டி ஊர்ந்து போங்கள், விட்டுவிடும்.

வீட்டில் லாக்கர் மாட்டினால் ஆர்.டி.ஓ. பிரச்சினை, இன்சூரன்ஸ் பிரச்சினை வருமா?
*பெயர் வேண்டாம், ஏற்காடு*

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு. டிஃபரன்ஷியலுக்குள் என்ன பல் இருக்கிறது என்று ஆர்.சி.யில் எழுதுவதில்லை. இருந்தாலும் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலைப் பத்திரமாக வையுங்கள். வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால், ஆக்ஸில் பக்கம் கேட்கப் போகும்போது ஷோரூமில் கைவிரிப்பார்கள். வாரண்டி முடியட்டும், பிறகு திறங்கள்.

போன வருஷம் பின் ஆக்ஸிலில் லஞ்ச் பாக்ஸ் லாக்கர் மாட்டினேன். திருப்பத்தில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது. நேர் ரோட்டிலும் ஆக்ஸிலரேட்டரை விடும்போது வண்டி ஒரு பக்கம் லேசாக வெட்டுகிறது. கழற்றிவிடலாமா?
*வாசகர், கொல்லிமலை*

டிக் டிக் வந்துதான் ஆக வேண்டும். திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தை விட அதிக தூரம் ஓடுகிறது, அதற்காக அந்தப் பக்கத்துப் பல் ஏறி இறங்கி விடுகிற சத்தம் அது. திருப்பத்தில் சத்தமே வராவிட்டால்தான் நீங்கள் எனக்கு எழுதியிருக்க வேண்டும்.

நேர் ரோட்டில் வெட்டுவதற்கு முதலில் டயரைப் பாருங்கள். இரண்டு பின் டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே தேய்மானம், ஒரே காற்றா? ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் சுற்றளவு வேறுபடும். லாக்கர் அதைத் திருப்பம் என்று நினைத்து நேர் ரோட்டிலேயே ஒரு பக்கத்தைப் பூட்டி, விட்டு, பூட்டிக்கொண்டிருக்கும். ஸ்டெப்னியையும் அதே அளவில் வையுங்கள். டயர் சரியாக இருந்தும் வெட்டினால் ஸ்ப்ரிங் ஷேக்கிள் புஷ், யு போல்ட் தளர்வைப் பாருங்கள். சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தவரை மறைந்திருந்த ஆட்டமெல்லாம் லாக்கர் வந்தபின் ஸ்டியரிங்கில் தெரியும்.

ஓட்டுவதிலும் கொஞ்சம் மாற வேண்டும். கொல்லிமலை வளைவுகளில் பாதித் திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விடுவதும் சட்டென்று மிதிப்பதும் கூடாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரே அளவில் மிதித்துத் திரும்பி முடியுங்கள். மழை நாளில் ஈரத் தாரில் பின்பக்கம் மொத்தமாக ஒதுங்கப் பார்க்கும், அப்போது இரண்டாவது கியரிலேயே இருங்கள். இதெல்லாம் செய்தும் பிடிக்கவில்லை என்றால் கழற்றலாம், தப்பில்லை. பழைய ஸ்டார் பினியனை வைத்திருக்கிறீர்கள்தானே?